அக்கா பேருக்கு ஒரு துப்பாக்கி

தேவநாதன் திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கத்துப் புன்செய்க் கொல்லையை விட்டு விருத்தாசலத்துக்குக் குடிபோனபோது அக்கா கண்ணம்மாளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் போனான். தன் பங்கு நிலத்தை ரிஜிஸ்தர் ஆபீசில் அவள் பேருக்கு எழுதிவைத்தான். மாடு, ஏர், கிணற்றடிக் கொட்டகை எல்லாம் அவளுக்கென்று விட்டான். அவள் வாங்க மறுத்தது ஒன்றே ஒன்று. அது அவனுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி.

வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. துப்பாக்கியை உள்ளே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்துவைத்து, "இது ஒனக்குத்தான்க்கா. காட்டுப்பன்னி வந்தா வானத்தப் பாத்து ஒரு வேட்டுப் போடு, போதும்" என்றான்.

கண்ணம்மாள் அதைத் தொடவில்லை.

"லைசென்சு யாரு பேருல இருக்குது?"

"என் பேருலதான்."

"அப்ப நீயே எடுத்துட்டுப் போ."

"டவுன்ல இத வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? பீங்கான் சூளைக்கா பன்னி வருது?"

"என்னா பண்ணுவியோ. என் பேருல இல்லாத பொருளு என் வூட்டுல இருக்கக் கூடாதுடா."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தேவநாதனுக்குத் தெரியும். பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த காலத்தில் அவளுக்குக் கரும்புக் கொல்லை இருந்தது, உழவு மாடு இருந்தது, காரை வீடு இருந்தது. அவள் புருஷனும் அவன் அண்ணன் கலியமூர்த்தியும் ஒன்றாகவே பாடுபட்டார்கள். "எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல என்னா பேரு ஊரு" என்பான் புருஷன். காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தபிறகுதான் எல்லாமே கலியமூர்த்தி பேரில் இருப்பது தெரிந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள், அவ்வளவுதான். ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்தாள். அன்றைக்கு ரோட்டோரம் நின்று அந்தப் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டவன் தேவநாதன். அப்போது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

ஆகவே அன்று அவன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டான்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை ஓரமாக அவனுக்கு ஒரு சின்னக் கொட்டகை கிடைத்தது. கரண்டு ஒயர் கட்டுகிற பீங்கான் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் அச்சில் வார்த்துச் சூளைக்கு அனுப்பும் வேலை. களிமண்ணைக் குழைப்பது, காயவைப்பது, மெருகு பூசுவது எல்லாவற்றிலும் மனைவி ராஜாம்பாள் கூட நின்றாள். துப்பாக்கி மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை. அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்கிய அதைப் பார்க்காமலே அரிசி அள்ளப் பழகிக்கொண்டாள்.

அந்த வருஷம், அறுபத்தொன்பதில், ஐப்பசி மாதத்தில் மங்களூர்ப் பக்கம் காப்புக்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கின. கண்ணம்மாள் போட்டிருந்தது மல்லாட்டை. நிலக்கடலை என்று கடைக்காரர்கள் சொல்வதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மண்ணுக்கடியில் காய் பிடித்த வாசனை பன்றிக்குத் தெரியும். மூக்கால் உழுதுகொண்டே போகும். தேவநாதன் முடிந்தபோதெல்லாம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திட்டக்குடி பஸ்ஸில் போனான். அவன் போகும் நாளில் பன்றி வராது. அவன் போகாத நாளில் வரும். இங்கே கொட்டகையில் அவன் இல்லாத நாளில் அச்சு பிசகும், ஜாடிக்குக் கழுத்து கோணும். இரண்டு பக்கமும் நஷ்டமாயிற்று.

"அண்ணிக்கே அதக் குடுத்துடுங்களேன்" என்றாள் ராஜாம்பாள்.

"குடுத்தா வாங்கினாத்தான?"

"அவங்க பேருக்கே மாத்திக் குடுங்க. நெலத்த மாத்தல?"

தாலுகா ஆபீசில் துப்பாக்கி லைசென்சு பார்க்கும் குமாஸ்தா ஆதிநாராயணன். எதைக் கேட்டாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிறகு பதில் சொல்வார். தேவநாதன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் துடைத்தார்.

"நெலம் வேற, இது வேறங்க. வித்தாலும் சரி, சும்மா குடுத்தாலும் சரி, சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். வாங்கறவங்க கையில மொதல்ல லைசென்சு இருக்கணும். அது இல்லாதவங்ககிட்ட துப்பாக்கி போனா, குடுத்தவருக்கும் ஜெயிலு, வாங்கினவருக்கும் ஜெயிலு. தோட்டாவுக்கும் அதே கணக்குதான்."

"என் சொந்த அக்காங்க."

"அக்காவும் சட்டத்துக்கு இன்னொரு ஆளுதான். அவங்க மொதல்ல கலெக்டர் ஆபீசுக்கு மனு போடட்டும். போலீசு விசாரிக்கும், நாங்களும் விசாரிப்போம். லைசென்சு வந்தப்பறம், இன்னாருக்கு விக்கப் போறேன்னு நீங்க ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுக்கணும். குடுத்துட்டு நாப்பத்தஞ்சு நாளு காத்திருக்கணும். அதுவரைக்கும் துப்பாக்கி உங்ககிட்டதான்."

"அத்தன நாளு எதுக்குங்க?"

"குடுக்கக் கூடாத ஆளா இருந்தா தடுக்கறதுக்குத்தான்" என்ற குமாஸ்தா தேவநாதனின் லைசென்சைத் திருப்பிப் பார்த்தார். "பயிர்க்காவலுக்குன்னு போட்டிருக்குது. நெலத்தக் குடுத்துட்டீங்களே, அடுத்த தடவ புதுப்பிக்க வந்தா பயிரு எங்கன்னு கேப்பாங்க. எப்படியும் நீங்க வித்துத்தான் ஆகணும். அக்காவுக்கே விக்கறது நல்லதுதான். ஆனா வழியோட விக்கணும்."

தேவநாதனுக்கு இது பெரிய சுற்றாகத் தெரிந்தது. கண்ணம்மாளிடம் சொன்னபோது அவளோ முகம் மலர்ந்து கேட்டாள். "நாப்பத்தஞ்சு நாளும் முடிஞ்சி, என் பேருல எழுதிட்டா, அப்பறம் யாரும் கேக்க முடியாதில்ல?"

"முடியாது."

"அப்ப மனு போடு."

அவள் சொன்னதில் அவனுக்கு ஒன்றுதான் பிடிக்கவில்லை. விலை கொடுத்துத்தான் வாங்குவேன் என்றாள்.

கார்த்திகையில் போட்ட மனு. பங்குனியில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரணைக்கு வந்தார். வெயிலில் வந்தவருக்குக் கண்ணம்மாள் மோர் கொடுத்தாள். ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்றார் அவர்.

"ஆம்பள கொல்லை, பொம்பள கொல்லைன்னு பாத்துப் பன்னி வர்றதில்லீங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "ஊருல யாரோடயாவது சண்ட, கேசு?"

"இல்லீங்க."

"புருஷன் வூட்டோட?"

"அங்க எனக்குச் சண்ட போடறதுக்குக்கூட ஒண்ணும் இல்லீங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். "சுடத் தெரியுமா?"

"தெரியாதுங்க. லைசென்சு இல்லாம எப்படிங்க கத்துக்கறது?"

இப்போது அவரும் சிரித்துவிட்டார். மோரைக் குடித்துவிட்டுக் கொல்லையையும் காட்டையும் நடந்து பார்த்துவிட்டுப் போனார். ஆவணியில் லைசென்சு வந்தது. அதில் ஒட்டியிருந்த போட்டோவில் கண்ணம்மாள் பயந்துபோனவள்போல் இருந்தாள். திட்டக்குடி ஸ்டூடியோவில் விளக்கைப் போட்டதும் கண் கூசிவிட்டது என்றாள். தேவநாதன் மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தான். காத்திருப்பு தொடங்கியது.

காத்திருப்பின் பாதியில் பன்றிகள் வந்துவிட்டன.

அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. முதல் தடவை மேற்கு மூலை போயிற்று. ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லித் தேவநாதனுக்குத் தெரிந்தது. அன்று சூளையில் அவன் சரக்கை ஏற்றும் முறை. விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ. கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தான். கடைசியில் ஆணியிலிருந்து துப்பாக்கியைக் கழற்றினான்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று ராஜாம்பாள் கேட்டாள்.

"காவலுக்கு. பொழுதுக்குள்ள வந்துடுவேன்."

அவன் போனபோது கண்ணம்மாள் வீட்டில் இல்லை. கூலி ஆள் பேச அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். ஒருவகையில் அது அவனுக்குச் சௌகரியமாயிற்று. துப்பாக்கியையும் தோட்டா டப்பாவையும் பரண்மேல் வைத்தான். பக்கத்து வீட்டுத் தனக்கோடியிடம், "அக்கா வந்தா பரண்ல பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவன் மனசு நிறைந்திருந்தது. அக்கா திட்டுவாள், திட்டிவிட்டு, பன்றி வந்தால் எடுத்துச் சுடுவாள் என்று நினைத்தான்.

கண்ணம்மாள் பரணைப் பார்த்தாள். இறங்கி வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை மடியில் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். தனக்கோடியின் புருஷனைக் கூப்பிட்டு, "விருத்தாசலம் போயி தம்பிய கையோட கூட்டிக்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள். சூளைக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்ததால் தேவநாதனால் மறுநாள் காலையில்தான் வர முடிந்தது. அதுவரை அவள் வாசலை விட்டு நகரவில்லை. காவலுக்குப் போகாத அந்த ஒரு ராத்திரியில் பன்றிகள் கிழக்குப் பாத்தி முழுவதையும் கிளறிவிட்டன.

வரும் வழியிலேயே அவன் கொல்லையைப் பார்த்துவிட்டான். கோபத்தோடு வந்தான்.

"துப்பாக்கிய உள்ள வெச்சிக்கிட்டு கொல்லையப் பன்னிக்குக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கிறியே."

"எடுத்துட்டுப் போ" என்று சாவியை நீட்டினாள்.

"லைசென்சு வந்துடுச்சி. எழுதியும் குடுத்தாச்சி. இன்னும் கொஞ்ச நாளுதான். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்பறம் என்னா?"

"பாத்தா? எவனோ ஒருத்தன் பொறாமையில எழுதிப் போட்டா? என்னப் புடிச்சிட்டுப் போனா போவட்டும். குடுத்தது நீதான்னு உன்னையும் புடிப்பான். சூளைய யாரு பாப்பாங்க? ராஜாம்பா என்னா பண்ணுவா?" அவள் குரல் உயரவில்லை. "மல்லாட்ட போனா அடுத்த ஆடிக்கு மறுபடியும் வெதப்பேன். உன்ன நான் எங்க போயிடா வெதைக்கிறது?"

தேவநாதன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். அவள் முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். பெண்ணாடம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

நடந்ததைக் கேட்ட ராஜாம்பாள் அவனைத் திட்டவில்லை. "அண்ணி செஞ்சதுதான் சரி. ஆனா அவங்கள அப்படியே உட்டுட முடியாது" என்றாள். கொட்டகைப் பின்பக்கம் சூளையில் கோணிப்போன, கீறல் விட்ட பீங்கான் கட்டைகள் குவிந்து கிடந்தன. விற்காத சரக்கு. எல்லாவற்றிலும் நடுவே ஓட்டை இருந்தது. அவற்றை ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கட்டினாள். மறுநாள் அவளே சாக்கோடு பஸ் ஏறிவிட்டாள். கண்டக்டர் லக்கேஜ் கேட்டதற்கு, "ஒடஞ்ச சாமானுக்கு என்னாய்யா லக்கேஜு" என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டே போனாளாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கண்ணம்மாள் வீட்டுக்குப் பின்னால் உலக்கையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பூவரச மரத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்த ராஜாம்பாள் சத்தம் போடாமல் நின்று பார்த்தாள்.

"எந்தக் கண்ண மூடணும் அண்ணி?"

கண்ணம்மாள் திடுக்கிட்டு உலக்கையை இறக்கினாள். பிறகு வெட்கத்தோடு, "தெரியலடி. ரெண்டையும் மூடிப் பாத்தேன். அதுதான் சௌரியமா இருக்குது" என்றாள். இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கொல்லையைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டி, பீங்கான் கட்டைகளை இரண்டிரண்டாக ஒட்டினாற்போல் தொங்கவிட்டார்கள். காற்றுக்கே கலகலவென்று சத்தம் வந்தது. கயிற்றில் பன்றி மூக்கு பட்டால் கொல்லை முழுவதும் சலசலத்தது. ஒரு வாரம் பன்றி உள்ளே வரவில்லை. பிறகு சத்தத்துக்குப் பழகிக்கொண்டு வந்தன. ஆனால் சத்தம் கேட்டதும் கண்ணம்மாள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு நேரம் கிடைத்தது. அப்படியும் இப்படியுமாகப் பாதிக் கொல்லை தப்பியது. ராஜாம்பாள் ஒரு வாரம் தங்கியிருந்து விட்டு, கைகால் எல்லாம் நெருஞ்சி முள் குத்தோடு ஊர் திரும்பினாள்.

ஐப்பசியில் காலக்கெடு முடிந்தது. யாரிடமிருந்தும் ஆட்சேபம் வரவில்லை. மூவரும் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். கண்ணம்மாள் ராஜாம்பாளின் பட்டுக்கரைப் புடவையைக் கட்டியிருந்தாள். ஆதிநாராயணன் துப்பாக்கியில் பொறித்திருந்த நம்பரை தேவநாதனின் லைசென்சோடு ஒத்துப் பார்த்தார்.

"என்னா வெலைக்கு விக்கிறீங்க?"

"ஒரு ரூபா" என்றான் தேவநாதன்.

"நூத்தம்பது" என்றாள் கண்ணம்மாள்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, இது பழைய துப்பாக்கிக்கா. கட்டையெல்லாம் தேஞ்சி போச்சி. பத்து ரூபா போடச் சொல்லு."

"தேஞ்சா என்னா? நூத்தம்பதுக்குக் கொறஞ்சா எனக்கு வேணாம்."

"அவ்வளவு போவாதுக்கா. ஏமாந்துடாத."

"வாங்கறவ நான்தான, எனக்குத் தெரியாதா?"

"நான் இருவது வருஷமா இந்த நாற்காலியில இருக்கறேன்" என்றார் ஆதிநாராயணன். "விக்கிறவன் கொறைச்சும் வாங்கறவ ஏத்தியும் பேரம் பேசி இப்பத்தான் பாக்கறேன். ரெண்டு பேரும் வெளியில போயி ஒரு முடிவோட வாங்க."

வேப்பமரத்தடியில் அந்தப் பேரத்தை ராஜாம்பாள்தான் முடித்துவைத்தாள். எழுபத்தைந்து ரூபாய். அண்ணி கொடுக்கட்டும், வாங்கிய பணத்துக்கு அண்ணிக்கே ஒரு கறவை ஆடு பிடித்துக் கொடுக்கலாம் என்று புருஷன் காதில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் சரி என்றான்.

அவனுடைய லைசென்சில் துப்பாக்கி நம்பர் கோடு போட்டு நீக்கப்பட்டது. அவளுடையதில் ஏறியது. ஆதிநாராயணன் தேவநாதனிடம் தீர்க்கமாகச் சொன்னார்: "இனிமே இது இவங்க பொறுப்பு. நீங்க தனியா எடுத்துட்டுப் போகக் கூடாது. தம்பி கேட்டாருன்னு நீங்களும் குடுக்கக் கூடாது."

"குடுக்க மாட்டேங்க" என்றாள் கண்ணம்மாள். அவள் சொன்ன வேகத்தில் தேவநாதனுக்குச் சிரிப்பு வந்தது.

ராஜாம்பாள் சூளையைப் பார்க்கப் போனாள். அக்காவும் தம்பியும் பஸ் ஏறினார்கள். சாக்கில் சுற்றிய துப்பாக்கியைக் கண்ணம்மாள் முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தாள். கண்டக்டர் குனிந்து பார்த்தான்.

"துப்பாக்கியா? யாருதுங்க?" என்று தேவநாதனைக் கேட்டான்.

பழக்கத்தில் அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கண்ணம்மாள், "என்னுது. லைசென்சு காட்டட்டுமா?" என்றாள். கண்டக்டர் வேண்டாமென்று டிக்கெட்டைக் கிழித்தான். அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இறங்கும்வரை லைசென்சைப் பையிலிருந்து எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள்.

அன்று பொழுது சாயும் வேளையில் கொல்லை வரப்பில் இருவரும் நின்றார்கள். தேவநாதன் ஒரு கண்ணை மட்டும் மூடச் சொன்னான். கட்டையைத் தோளோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னான். காட்டோரம் செடிகள் அசைந்தன. முதலில் ஒரு பன்றி, அதன் பின்னால் நாலைந்து. கண்ணம்மாள் குழலை உயர்த்தினாள். குழல் ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்தும் அவன் துப்பாக்கியைப் பிடிக்கப் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வேட்டுச் சத்தம் காட்டில் மோதித் திரும்பி வந்தது. பன்றிகள் சிதறி ஓடின. மரங்களிலிருந்து கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. கண்ணம்மாள் பின்னால் சாய்ந்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். துப்பாக்கியை மட்டும் மண்ணில் படாமல் மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, அடிபட்டுச்சா?"

"தோளு கழண்டு போனாப்போல இருக்குது" என்றாள். பன்றி ஓடிய திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டு, "நீ மொத மொதல்ல சுட்டப்ப உனக்கும் இப்படி வலிச்சுதாடா?" என்று கேட்டாள்.

"வலிச்சுது. அழுதுட்டேன். கெணத்தடியில போயி மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ சிரிப்பேன்னுதான்."

கண்ணம்மாள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கத் தோள் வலித்தது. வலிக்க வலிக்க இன்னும் சிரித்தாள்.